எட்டாவது ஓவர்

ஏழு ஓவர் முடியும்வரை
திம்மராயனுக்கு வேலை என்று ஒன்றுமில்லை.
ஃபைன் லெக்கில், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே,
வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பான்.
பந்து அந்தப் பக்கம் உருண்டு வந்தால்
காலால் தடுப்பான், இடது கையால் எறிவான்.
வலது கை
கடைசி ஆறு பந்துக்கு நேர்ந்துவிட்டது.

ஸ்கோர் எழுதுகிறவன் நான்.
காவேரிப்பட்டணத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு லீவு.
பதினான்கு வருஷத்து நோட்டுகள் பீரோவுக்கு அடியில் கிடக்கின்றன.
ஒன்றில் டீ கொட்டி
பர்கூர் டோர்னமெண்ட் முழுக்கப் பழுப்பு.

முதலில் சொந்த ஊருக்குத்தான் போட்டான், சூளகிரிக்கு, சும்மா.
பிறகு மத்தூர் கூப்பிட்டது: ஐநூறும் பெட்ரோலும்.
காரிமங்கலம் எழுநூறு, பிரியாணி தனி.
பர்கூர்க்காரர்கள் கிரானைட் பணத்தில் ஆயிரத்தைந்நூறு கொடுத்து
பனியன் முதுகில் ‘திம்மராஜன்’ என்று அச்சடித்துவிட்டார்கள்.
அவன் திருத்தச் சொல்லவில்லை.
ஒரு சீசன் முழுக்க திம்மராஜனாகவே விக்கெட் எடுத்தான்.

கோப்பை ஜெயித்த ஊருக்குப் போகும்.
அவன் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவான், நைட் ஷிப்ட்.
ஆனி மாதத்தில் அவன் தொட்ட பந்தெல்லாம்
தோத்தாபுரி வாசனை அடிக்கும்.
‘ஈ மொய்க்குதுண்ணே, பந்தை மாத்துங்க’ என்று
ஒருத்தன் அம்பயரிடம் நிஜமாகவே கேட்டான்.

ஓடி வருவது ஒன்பது அடி.
கை வேகமாகத்தான் சுற்றும்.
ஆனால் பந்து பாதி வழியில்
வீட்டில் எதையோ மறந்துவிட்ட மாதிரி
ஒரு கணம் யோசிக்கும்.
பேட் போய்விடும்.
பந்து அப்புறம் வரும்.

கடைசி ஓவர் போட்டது நூற்று எண்பத்தாறு மேட்ச்.
காப்பாற்றியது நூற்று நாற்பத்தொன்று.
நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை.

யாரைக் கேட்டாலும் ராயக்கோட்டை மேட்ச்சைத்தான் சொல்வார்கள்.
ஒரு பந்து, நாலு ரன்.
கை வழுக்கி ஃபுல் டாஸ் ஆகிவிட்டது.
மேலே போன பந்து ரோட்டில் போன தக்காளி லாரிக்குள் விழுந்தது.
லாரி நிற்கவில்லை.
ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி
பெங்களூர் மார்க்கெட்டில்
யாரோ அதைத் தட்டில் வைத்து நிறுத்திருக்கக்கூடும்.
அன்றைக்குச் சம்பளத்தில்
பந்துக்கு முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
நூற்று நாற்பத்தொன்று வாய் திறப்பதில்லை.
இந்த ஒன்றுதான்
அவனுக்கு முன்னாலேயே போய்
எல்லா டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது.

அவன் என்னிடம் கேட்டது எப்போதும் ஒரே கேள்வி:
‘அடுத்த ஞாயிறு எந்த கிரவுண்டு?’

போன மாசி, கே.ஆர்.பி. டேம் பக்கம்.
ஏழாவது ஓவர் முடிந்தது. எதிராளிக்கு இன்னும் ஒன்பது வேண்டும்.
திம்மராயன் கக்கத்திலிருந்து கையை எடுத்து
விரல்களை ஊதிக்கொண்டு
பிட்ச்சை நோக்கி நடந்தான்.
பன்னிரண்டு அடி நடந்திருப்பான்.
கேப்டன் பந்தை நவாஸுக்குப் போட்டார்.
பாலிடெக்னிக் பையன், பத்தொன்பது வயசு, கையில் பச்சை நூல்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்களோ என்னவோ.
அவன் குனிந்து, அவிழாத ஷூ லேஸை
அவிழ்த்துக் கட்டிக்கொண்டு
திரும்பிப் போனான்.

பையன் நன்றாகத்தான் போட்டான்.
கடைசிப் பந்து, மூன்று வேண்டும்.
விளிம்பில் பட்டு, கீப்பரைத் தாண்டி,
ஃபைன் லெக்குக்கு ஓடியது பந்து.

திம்மராயன் காலை நீட்டவில்லை.
விழுந்தான்.
கூழாங்கல்லும் நெருஞ்சியும் கிடந்த மண்ணில்
வலது கையை முழுசாக நீட்டி
கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அமுக்கினான்.

முழங்கையில் ரத்தம். பந்தைத் துடைத்து
கீப்பரிடம் எறிந்தான், அதே கையால்.

நான் எழுதினேன்:
பவுலர், நவாஸ்.
ரன், ஒன்று.